வெள்ளைக் கோடாகத் தெரிந்த பூநாரைகள்

அன்புள்ள ஐயா,

பழவேற்காடு ஏரியைப் பற்றித் தாங்கள் எழுதியதை வாசித்துவிட்டு, தை மாதத்து ஞாயிறு ஒன்றில் குடும்பத்துடன் சூலூர்பேட்டைக்குச் சென்றேன். ஸ்ரீஹரிகோட்டாச் சாலையில் இரண்டு முறை காரில் போய் வந்தும் பூநாரைகள் (ஃபிளமிங்கோ) தொலைவில் ஒரு வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்தன. இளஞ்சிவப்பு எங்குமே இல்லை. ஒன்பது மணிக்கெல்லாம் திரும்பிவிட்டோம். வழியில் தேநீர்க்கடை அருகே, கறுப்பு இறக்கையில் சிவப்புப் புள்ளிகள் கொண்ட பட்டாம்பூச்சி ஒன்றை என் மகள் படமெடுத்தாள். அது அரிய வகையா? இந்தப் பயணத்தை நாங்கள் எப்படிச் செய்திருக்க வேண்டும்?

ஒரு வாசகர், ஆவடி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பார்த்த வெள்ளைக் கோடு பூநாரைகளேதான். இறக்கையை மடித்து நிற்கும் பெரிய பூநாரை தொலைவிலிருந்து பார்த்தால் வெள்ளையாகத்தான் இருக்கும். செந்நிறமும் அதன் ஓரத்துக் கறுப்பும் அது இறக்கையை விரிக்கும்போதுதான் வெளிப்படும். அந்தச் சிவப்பும் பிறவியில் வருவதன்று. நீரிலுள்ள பாசியையும் சிற்றுயிர்களையும் தின்று தின்று சேர்வது என்பதால் இளம் பறவைகள் சாம்பல் பூசியதுபோல இருக்கும். ஏரிக்கு அருகே தடாவில் குடியிருக்கும் நானே முதல் ஆண்டில் கரண்டிவாயன் என்னும் வெள்ளைப் பறவைகளின் கூட்டமொன்றைப் பூநாரை என்று எண்ணி, வீட்டில் எல்லோரையும் அழைத்துக்கொண்டு போய் அசடு வழிந்திருக்கிறேன்.

உங்கள் பிழை, சாலையை இரண்டு முறை ஓட்டிக் கடந்ததுதான். ஏரியை ஊடறுத்துச் செல்லும் அந்தச் சாலை ஏறத்தாழ 18 கிலோமீட்டர். அதில் ஓரிடத்தைத் தேர்ந்து, வண்டியின் இயக்கத்தை நிறுத்திவிட்டு, உள்ளேயே ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தால் போதும். பறவைகளுக்கு வண்டியைவிட நிமிர்ந்து நிற்கும் மனிதர்மீதுதான் அச்சம் அதிகம். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகை மேல்கீழாக நீரில் வைத்து, சேற்றுநீரை வடித்தபடியே நடக்கும் பறவை. கூட்டம் மேய்ந்துகொண்டே தானாக நகர்ந்து வரும். எந்த இடம் என்பதை நீர்மட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள். கணுக்கால் முதல் முழங்கால் வரை நீர் நிற்கும் பகுதியே அவற்றின் மேய்ச்சல் நிலம். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் மார்கழியில் ஆழமாக இருக்கும் இடம் மாசியில் அந்த அளவுக்கு வற்றிவிடும். இன்னொன்று: குளிர்காலச் சூரியன் பகல் முழுவதும் தெற்கே சாய்ந்திருப்பதால், சாலையின் தென்புறம் பார்த்தால் கண் கூசும், பறவைகள் கறுப்பு நிழலாகவே தெரியும். வடபுறத்தைப் பாருங்கள்.

நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்துக்கு நீங்கள் போகாதது எனக்கு வருத்தமே. சூலூர்பேட்டைக்கு வடக்கே சிறிது தூரத்தில், நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கும். தாயின் அலகுப் பைக்குள் குஞ்சு கழுத்துவரை தலையை நுழைத்து மீனெடுப்பதைக் குழந்தைகள் ஒருமுறை பார்த்தால் மறக்கமாட்டார்கள்.

ஒன்பது மணிக்குத் திரும்பியதால் பட்டாம்பூச்சிகளையும் தவறவிட்டீர்கள். வெயில் ஏறி உடல் சூடானால்தான் அவை பறக்கத் தொடங்கும். பறவை பார்ப்பவர்கள் தொலைநோக்கியை உறையில் போடும் நேரம் அவற்றுக்கு விடியல். வற்றும் குளக்கரைகளில் தேள்கொடுக்குச் செடி இருந்தால், அதிலும் வாடியும் ஒடிந்தும் கிடக்கும் தண்டாக இருந்தால், அருகே உட்கார்ந்துவிடுங்கள். நீல வரியன், வெந்தய வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகிய பட்டாம்பூச்சிகளின் ஆண்கள் அந்த வாடிய தண்டை உறிஞ்ச வரும். பெண்ணைக் கவரும் மணத்தை உண்டாக்கத் தேவையான வேதிப்பொருள் அதில்தான் இருக்கிறது. விரலை நீட்டினாலும் விலகாத அளவுக்கு அவை மூழ்கியிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

உங்கள் மகளின் படத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய அடையாளத்துக்குப் பொருந்துபவை இப்பகுதியில் அரியவை அல்ல. உடலைப் பாருங்கள். அது சிவப்பாக இருந்தால் சிவப்புடல் அழகி போன்ற நச்சுள்ள பட்டாம்பூச்சிகளில் ஒன்று. ஆடுதீண்டாப்பாளையைப் போன்ற நச்சுச்செடிகளைத் தின்று புழுவாக வளர்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. உடல் கறுப்பாக இருந்தால், அந்த நச்சுப் பட்டாம்பூச்சியைப் போல வேடமிட்டுப் பிழைக்கும் கறிவேப்பிலை அழகி என்னும் வகையின் பெண்ணாக இருக்கலாம். நஞ்சு சிறிதும் இல்லாத அது வளர்ந்தது அந்தத் தேநீர்க்கடைக்காரர் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தில்கூட இருக்கலாம். படத்தை அனுப்பும்போது இறக்கையை மட்டும் வெட்டி எடுக்காமல், உடலும் தெரியும்படி அனுப்பச் சொல்லுங்கள்.