செங்கல்லான கேக்கும் பூசணம் பூத்த டப்பாவும்

அக்கா, பையன் பிறந்தநாளுக்கு முதன்முதலாக வெண்ணெய் கேக் போட்டேன். பஞ்சு மாதிரி வந்தது. மிச்சத்தை டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் எடுத்தால் செங்கல். காயக் கூடாதென்றுதானே உள்ளே வைத்தேன்?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

உங்கள் கேக் காயவே இல்லை, தங்கச்சி. அதுதான் இதில் வேடிக்கை. மீந்த சோற்றை பிரிட்ஜில் வைத்து எடுத்துப் பார்த்திருப்பீர்களே, பருக்கை பருக்கையாக விறைத்து நிற்கும். தண்ணீர் எங்கேயும் போயிருக்காது. சுட வைத்தால் மறுபடி இளகிவிடும். கேக்கும் அதே கதைதான். வேகும்போது மாவில் இருக்கும் ஸ்டார்ச் தண்ணீரைக் குடித்து ஊதுகிறது. ஆறியதும் மெல்ல மெல்ல இறுகத் தொடங்குகிறது. பிரிட்ஜுக்குள் இருக்கும் 4 டிகிரி குளிரில் அந்த இறுக்கம் வெளியில் இருப்பதைவிட வேகமாக நடக்கும். போதாததற்கு வெண்ணெயும் உறைந்துகொள்கிறது. எண்ணெய் ஊற்றிச் செய்த கேக் அவ்வளவு விறைக்காது, எண்ணெய் அந்தக் குளிரில் வெண்ணெய் மாதிரி கட்டியாவதில்லை.

அதனால் கிரீம் இல்லாத கேக்கை வெளியிலேயே வையுங்கள். காற்றுப் புகாத டப்பா, அடுப்புக்குத் தள்ளி ஒரு நிழலான அலமாரி. மூன்று நாள் தாங்கும். சித்திரை வைகாசியில், சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், இரண்டு நாளுக்கு மேல் நம்ப வேண்டாம். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் பிரீசர். ஆமாம், பிரிட்ஜ் கெடுக்கும், பிரீசர் காப்பாற்றும். அந்த உறைகுளிரில் இறுகும் வேலையே ஏறக்குறைய நின்றுபோகிறது. துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி, டப்பாவில் போட்டு வைத்தால் இரண்டு மாதம் கழித்தும் நன்றாக இருக்கும். வெளியே எடுத்ததும் அவசரப்பட்டுத் தாளைப் பிரிக்காதீர்கள். முத்து முத்தாகக் கோக்கும் தண்ணீர் தாளின் மேல்தான் நிற்க வேண்டும், கேக்கின் மேல் அல்ல.

பிரெஷ் கிரீம், கஸ்டர்டு, நறுக்கிய பழம் வைத்த கேக்குக்கு இந்தப் பேச்செல்லாம் கிடையாது. விறைத்தாலும் சரி, பிரிட்ஜ்தான். கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், பக்கத்தில் இருக்கும் மீன் குழம்பின் வாசனையை வெண்ணெய் அப்படியே வாங்கிக்கொள்ளும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். கேக்கை ஓரத்திலிருந்து வெட்டாதீர்கள். நடுவில் வெட்டி, அங்கிருந்து துண்டுகளை எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் இரண்டு பாதியையும் முகத்தோடு முகம் ஒட்டித் தள்ளிவிடுங்கள். வெட்டிய பக்கம் காற்றுப் படாது. எங்கள் வீட்டில் இதற்காகவே சண்டை வரும், மொறுமொறு ஓரம்தான் எல்லாருக்கும் வேண்டும்!

நாங்கள் ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் இருக்கிறோம். ஆடி மாதம் போட்ட கேக் நாலாம் நாளே பூசணம் பூத்துவிட்டது. பனிமூட்டம்தான் காரணமா? மேலாகச் சுரண்டிவிட்டுச் சாப்பிடலாமா?
– ஒரு வாசகி, ஏற்காடு

சுரண்ட வேண்டாம், முழுசாகத் தூக்கிப் போடுங்கள். கண்ணுக்குத் தெரிவது மேல் பூச்சு மட்டும்தான். அதன் நூல் கேக்கின் துளைகள் வழியே எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

மூட்டத்தின் மேல் பாதிப் பழியைப் போடலாம். சர்க்கரை ஈரத்தை இழுக்கும், திறந்து வைத்த கேக் அந்தக் காற்றில் பிசுபிசுத்துப் போகும். மீதிப் பழி பெரும்பாலும் நம்முடைய அவசரத்துக்கு. நானும் நாகலூரில் இருப்பவள்தான், இதில் அடிபட்டவள். நாத்தனார் மகள் சீருக்கென்று ஒரு கேக்கை வெதுவெதுப்பாக இருக்கும்போதே எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, முதல் பஸ்ஸைப் பிடித்தேன். 20 கொண்டை ஊசி வளைவும் மடியிலேயே வைத்து இறக்கினேன். சேலத்தில் திறந்தால் மூடிக்கு அடியில் வியர்த்து ஒழுகுகிறது. துடைத்துவிட்டு வைத்தார்கள். மூன்றாம் நாள் பச்சைப் புள்ளி. நாத்தனார் எதுவும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சங்கடம்.

இப்போது மாவுச் சல்லடையைக் கவிழ்த்து அதன் மேல் கேக்கை வைத்துவிடுகிறேன், அடியிலும் காற்றுப் போகும். மூன்று மணி நேரம் கழித்து அடிப்பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். மேல்பக்கம் ஆறியதை நம்பக் கூடாது. பூசணம் கண்ட டப்பாவைக் கொதிநீரில் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே அடுத்த கேக். நமக்கு ஆடியில் வெயிலுக்கு எங்கே போவது, அடுப்போரம் கவிழ்த்து வையுங்கள்.

கிறிஸ்துமஸ் பிளம் கேக் மட்டும் வேறு ஜாதி. சர்க்கரை, உலர்பழம், ரம் மூன்றும் காவல் நிற்பதால் வாரக்கணக்கில் கெடாது. முதலில் பட்டர் பேப்பர், அதன் மேல்தான் அலுமினியத் தாள், பழத்தின் புளிப்பு நேராக அலுமினியத்தில் படக் கூடாது. ரம்முக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு ஊற்றினால் மணம் வரும், காவல் வராது. நாலைந்து நாளில் சாப்பிட்டு முடியுங்கள், இல்லையென்றால் பிரீசர்.

கேக் டப்பாவில் ஒரு பிரெட் துண்டு போட்டு வைத்தால் மெதுவாகவே இருக்குமாமே, நிஜமா அக்கா?
– ஒரு வாசகர், சூரமங்கலம்

நிஜம்தான் தம்பி. பிரெட்டைவிடக் கேக்கில் சர்க்கரை அதிகம், அது பிரெட்டின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மறுநாள் பார்த்தால் பிரெட் ரஸ்க் ஆகியிருக்கும். தினம் மாற்றுங்கள். மூட்டம் இறங்கும் நாளில் எங்கள் மலையில் இதைச் செய்யாதீர்கள், பிரெட்டில்தான் முதலில் பூசணம் பூக்கும்.