ட்ரோன் மேப்பிங் படிக்கும் மகளுக்கு முதலில் என்ன வாங்கித் தரலாம்?

வணக்கம் ஐயா. மகள் சிவில் கடைசி வருடம், ட்ரோன் மேப்பிங் மென்பொருள் வாங்க வேண்டும் என்கிறாள், நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம்.

துறையைப் பற்றிப் பயப்படாதீர்கள். 2020-இல் தொடங்கிய ஸ்வமித்வா திட்டத்தில் கிராமக் குடியிருப்புகளை சர்வே ஆஃப் இந்தியா ட்ரோன் கொண்டுதான் அளக்கிறது. குவாரி, சாலை, சோலார் பார்க் என்று தனியாரிடமும் வேலை இருக்கிறது. பிக்ஸ்4டி, மெட்டாஷேப் எல்லாம் நல்ல மென்பொருள்கள்தான். ஆனால் வேலைக்குச் சேரும் இடத்தில் அவர்களே லைசென்ஸ் கொடுப்பார்கள். இப்போதைக்கு ட்ரோன் படங்களை இணைத்து வரைபடமாக்க வெப்ஓடிஎம், அந்த வரைபடத்தைத் திறந்து வேலை செய்ய கியூஜிஐஎஸ், இரண்டும் போதும். ஓப்பன் சோர்ஸ். வெப்ஓடிஎம்மை டாக்கர் (மென்பொருளை நிறுவி இயக்க உதவும் கருவி) வழியாக நிறுவிக்கொண்டால் காசு தேவையில்லை. செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் லேப்டாப்பின் ரேமை 16 ஜிபிக்கு ஏற்றிக் கொடுங்கள்.

படங்களை இணைக்கும் எந்த மென்பொருளும் அடிப்படையில் செய்வது ஒரே வேலை: ஒன்றன்மேல் ஒன்று படியும் படங்களில் ஒரே புள்ளியைத் தேடிப்பிடித்து, கேமரா எங்கே இருந்தது என்று கணக்குப் போடுவது. படம் சரியில்லை என்றால் எதுவும் காப்பாற்றாது. பறக்கும் திசையில் 75-80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் படிய வேண்டும். தென்னந்தோப்பு என்றால் இதுவும் போதாது. காற்றில் ஓலை ஆடும், எல்லா மரமும் ஒரே மாதிரி தெரியும். இன்னும் உயரப் பறந்து, படிவையும் கூட்ட வேண்டும்.

அடுத்தது ஜிஎஸ்டி. வரி இல்லை, ஒரு பிக்சல் தரையில் எத்தனை சென்டிமீட்டர் என்ற அளவு. 13.2 மி.மீ. அகல சென்சார், 8.8 மி.மீ. லென்ஸ், அகலத்தில் 5472 பிக்சல் உள்ள கேமரா 100 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 2.7 செ.மீ. வரும். மகளைக் கையால் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உயரத்தைப் பாதியாக்கினால் அளவும் பாதியாகும், ஆனால் படங்கள் ஏறக்குறைய நாலு மடங்காகும்.

இங்கேதான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். படம் தெளிவாக இருப்பது வேறு, சரியான இடத்தில் இருப்பது வேறு. சாதாரண ஜிபிஎஸ் மட்டும் உள்ள ட்ரோனில் எடுத்த அழகான வரைபடம் சில மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். அதற்குத்தான் தரையில் குறி வைத்து டிஜிபிஎஸ் (சாதாரண ஜிபிஎஸ்ஸைவிட மிகத் துல்லியமான கருவி) கொண்டு அளக்கிறோம். அந்தக் குறிகளில் நாலைந்தை மென்பொருளுக்குக் காட்டாமல் ஒதுக்கிவைத்து, கடைசியில் அவற்றை வைத்துப் பிழையைச் சோதிக்க வேண்டும்.

உயரத்தில் இன்னொரு வில்லங்கம். ஜிபிஎஸ் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து அளப்பதில்லை; பூமியைச் சீரான ஒரு நீள்வட்ட உருண்டையாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து கணக்கிடுகிறது. மெரினா மணலில் நின்றாலும், அந்த நீள்வட்ட உயரம் மைனஸ் 80 மீட்டருக்கும் கீழேதான் இருக்கும். தென்னிந்தியப் பக்கம் புவியீர்ப்பு சற்றுக் குறைவு, அதனால் கடல்மட்டமே அந்தக் கணித நீள்வட்டத்துக்கு அவ்வளவு கீழே கிடக்கிறது. இதைத் திருத்தாமல் வாய்க்கால் மட்டம் போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

ட்ரோனும் இப்போது வாங்க வேண்டாம். வெப்ஓடிஎம்மை உருவாக்கிய ஓப்பன்ட்ரோன்மேப் குழு பொதுவில் வைத்திருக்கும் மாதிரிப் படங்களை வைத்துப் பழகட்டும். அப்புறம் கல்லூரி சர்வே லேபில் டிஜிபிஎஸ் கேட்டு வாங்கி, வளாகத்தில் ஒரு சின்ன ப்ராஜெக்ட். ஒதுக்கிவைத்த குறிகளில் எத்தனை சென்டிமீட்டர் பிழை வந்தது, ஏன் வந்தது என்று இரண்டு பக்கம் எழுதட்டும். இன்டர்வியூவில் நான் உட்கார்ந்தால் சர்டிஃபிகேட்டுக்கு முன்னால் அந்த இரண்டு பக்கத்தைத்தான் கேட்பேன். ட்ரோன் பைலட் பயிற்சியில் சேர்ந்து சான்றிதழ் வாங்கப் பத்தாம் வகுப்பும் 18 வயதும் போதும். டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையமா என்று மட்டும் பார்த்து, அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளலாம்.