தலைப்பில் 1954, முகங்களில் 1930கள்: உங்கள் 16 மி.மீ. சுருளுக்குப் பதில்

வணக்கம். ஹாலிவுட் நட்சத்திரங்களைக் காட்டும் குறும்படத் தொடரான 'ஸ்கிரீன் ஸ்னாப்ஷாட்ஸ்' படச்சுருளின் தலைப்பில் 1954 என்றிருக்க, நீச்சல்குளத்தில் இருப்பவர்கள் இருபது வயது இளையவர்களாகத் தெரிவதாகவும், டப்பாவில் வினிகர் வாடை வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். சுருள் போலியாக இருக்க வேண்டியதில்லை. கொலம்பியா படநிறுவனத்தின் இந்தத் தொடர் 1958 வரை வந்தது. கடைசி ஆண்டுகளில் அதன் இயக்குநர் ரால்ஃப் ஸ்டாப் பழைய காட்சிகளையே மறுபடி கோத்து வெளியிட்டார்.

பிரதியின் வயதுக்குப் பிலிமின் ஓரத்தைப் பாருங்கள். பிலிம் தயாரான ஆண்டைக் காட்டும் கோடாக் நிறுவனத்தின் வட்டம், சதுரம், முக்கோணக் குறிகள் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். வெளிர் ஓரத்தில் கறுப்பாக இருப்பதுதான் இந்தப் பிரதியின் குறி. கறுப்பில் வெள்ளையாக இருப்பது நெகட்டிவிலிருந்து பதிந்தது; அது நெகட்டிவின் ஆண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

அவசரம் வாடைதான். பிலிமின் அடிப்படையான அசிடேட் பிளாஸ்டிக் சிதைகிறது, கூடவே சுருங்கும். 100 சட்டங்களை (ஃபிரேம்களை) நீட்டி அளங்கள்: 762 மி.மீ. இருக்க வேண்டும். 754-க்குக் கீழே போனால் புரொஜெக்டரில் ஏற்றவே வேண்டாம், பல் துளையைக் கிழித்துவிடும். பல்சக்கரம் இல்லாத ஸ்கேனரில் உடனே எடுத்துவிடுங்கள். அதுவரை மற்றச் சுருள்களிடமிருந்து பிரித்து, காற்றோட்டமுள்ள டப்பாவில், குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வையுங்கள். இறுக்கமான தகர டப்பா அமிலத்தை உள்ளேயே அடைத்துச் சிதைவை வேகப்படுத்தும்.