வலைக்குப் பதில் உருண்டைகள் வருவது ஏன்?

கேள்வி: செல்களின் நடத்தையைக் கணினியில் சிமுலேஷன் செய்யும் மென்பொருளான கம்ப்யூசெல்3டியில் ரத்தக்குழாய் வலை உருவாவதை சிமுலேஷன் செய்கிறேன். எண்டோதீலியல் செல்கள் (ரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள்) ஒரு வேதிப்பொருளைச் சுரந்து, அதை நோக்கியே நகர்கின்றன. ஆய்வகத்தில் மேட்ரிஜெல் என்ற செல் வளர்ப்பு ஜெல்லின் மேல் ஒரே நாளில் வலை வருகிறது. என் திரையில் தனித்தனி உருண்டைகள்தான். எதை மாற்றுவது?

பதில்: கோடில் பிழை தேட வேண்டாம். நீங்கள் கொடுத்த விதிகளுக்கு உருண்டைதான் சரியான விடை. எல்லாச் செல்லும் சுரப்பதால் கூட்டத்தின் நடுவில்தான் செறிவு அதிகம். எல்லாம் நடுவை நோக்கி ஓடும். மெல்லிய கிளை முளைத்தாலும் உள்ளே இழுபட்டுவிடும்.

முதலில் ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். கெமோடாக்சிஸ் (வேதிப்பொருளை நோக்கி நகர்தல்) பிளகினில், செல் மீடியத்தை, அதாவது செல் இல்லாத வெளியைத் தொடும் விளிம்பில் மட்டும் ஈர்ப்பு வேலை செய்யட்டும். செல்லும் செல்லும் ஒட்டும் இடத்தில் வேண்டாம். ஆய்வாளர்கள் ரோலண்ட் மெர்க்ஸும் ஜேம்ஸ் கிளேசியர் உள்ளிட்டோரும் 2008-இல் காட்டியது இதைத்தான். வட்டச் செல்களே வலை பின்னும். உயிரியல் காரணமும் உண்டு: செல்கள் தொடும் இடத்தில் செல்களை ஒட்டவைக்கும் விஇ-கேடரின் புரதம், விஇஜிஎஃப் (ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) தரும் சமிக்ஞையை அடக்குகிறது.

இன்னொரு வழி, 2006-இல் அதே குழு காட்டியது: செல்லை நீளமாக்குவது. நீண்ட செல்கள் வரிசையாகச் சேர்ந்துகொள்ளும். அந்தக் கட்டு திரும்பி உருண்டையாவது மிக மெதுவாகவே நடக்கும். நீளக் கட்டுப்பாடு போடும்போது இணைப்புக் கட்டுப்பாட்டையும் (செல் ஒரே துண்டாக இருக்க வேண்டும் என்ற விதி) சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரே செல் துண்டு துண்டாகிவிடும்.

அப்புறம், பரவல் தூரம்: வேதிப்பொருள் சிதைவதற்குள் எவ்வளவு தூரம் பரவும் என்பது. பரவல் கெழுவைச் சிதைவு வீதத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். மெர்க்ஸ் குழுவின் எண்களில் அது சுமார் 24 மைக்ரோமீட்டர், அதாவது 2 மைக்ரோமீட்டர் கட்டங்களில் 12 கட்டம். உண்மையான விஇஜிஎஃப் இதைவிட மிக வேகமாகப் பரவும். அதனால் ஆய்வேட்டில் அந்தப் பொருளை 'விஇஜிஎஃப்' என்று எழுதிவிடாதீர்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் 2014-இல் வந்த ஒரு மாடலில் வேதிப்பொருளே கிடையாது. செல்கள் அடித்தளத்தை இழுக்க, அந்த இறுக்கத்தை அண்டைச் செல்கள் உணர்ந்தே வலை வந்தது. படம் ஒத்துப்போவது மட்டும் போதாது.

சரி, எதை ஒப்பிடுவது? செல் அடர்த்தியை மாற்றி, ஒவ்வொரு அடர்த்திக்கும் வெவ்வேறு ரேண்டம் சீடில் (தற்செயல் எண்களின் தொடக்க எண்) பலமுறை ஓட்டுங்கள். வலையின் ஓட்டைகள் எத்தனை, கிளைகளின் நீளம் என்ன என்பதை நேரத்தோடு வரைந்து, ஆய்வகப் படங்களிலும் அதையே எண்ணிப் பக்கத்தில் வையுங்கள்.