உங்கள் சிப்புக்கு எந்தப் பதிப்பு? எஃப்பிஜிஏ சொப்ட்வெயார் கேள்வி-பதில்

எஃப்பிஜிஏ என்பது நாங்கள் எழுதும் சுற்றைத் தனக்குள் அமைத்துக்கொள்ளும் சிப். அது பொருத்திய பலகைதான் போர்ட். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான்: புதுப் பதிப்பைப் போட்டேன், முன்பு ஓடியது இப்போது ஓடவில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் படிக்கும் பிள்ளைகள் எழுதியிருக்கிறீர்கள். மாங்குளத்திலிருந்து ஒரு ஆசிரியரும் கேட்டிருக்கிறார். இந்த சொப்ட்வெயார்களில் ஆகப் புதியது எது என்று தேடுவதற்கு முதல், கையில் இருக்கும் சிப் எது என்று பாருங்கள். அதிலேயே பல சிக்கல்கள் தீர்ந்துவிடும்.

சீனியர் அண்ணா ஒருவர் தந்த பழைய டிஇ2 போர்ட் இருக்கிறது. புதிய குவார்ட்டஸ் போட்டேன். சிப் பட்டியலில் சைக்லோன் 2 என்ற பெயரே இல்லை. போர்ட் பழுதா? (அறிவியல் நகர், கிளிநொச்சி)

போர்டில் பழுது எதுவும் இல்லை. குவார்ட்டஸ் என்பது அல்ட்டெரா நிறுவனம் தன் சிப்களுக்குத் தரும் சொப்ட்வெயார். சைக்லோன் 2 குடும்பத்துக்கான ஆதரவை நிறுத்தி நீண்ட காலமாகிறது. அதை ஏற்கும் கடைசிப் பதிப்பு குவார்ட்டஸ் 2, 13.0 சேர்விஸ் பக் 1. அதன் இலவச வெப் எடிஷனே உங்களுக்குப் போதும். சைக்லோன் 3 வைத்திருப்பவர்கள் 13.1 வரை போகலாம். சைக்லோன் 4, சைக்லோன் 5, மக்ஸ் 10 மூன்றும் இப்போதைய லைட் பதிப்பிலும் இருக்கின்றன.

எந்தக் குடும்பம் என்று தெரியாவிட்டால் சிப்பின் முதுகில் அச்சிட்டிருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். ஈபி2சி என்று தொடங்கினால் சைக்லோன் 2, ஈபி4சிஇ என்றால் சைக்லோன் 4, 10எம் என்றால் மக்ஸ் 10. உங்கள் டிஇ2 இல் இருக்கும் ஈபி2சி35 இல் 33,216 லொஜிக் எலிமென்ட்கள் (சுற்றைக் கட்டும் சிறு அலகுகள்) உண்டு. ஒரு சிறிய புரொசெசரையே அதற்குள் கட்டி ஓடவிடலாம். பழையது என்று அலுமாரியில் வைத்துவிடாதீர்கள்.

புதிய பதிப்பை அழிக்கவும் தேவையில்லை. இரண்டும் வெவ்வேறு கோப்புறைகளில் சண்டையில்லாமல் இருக்கும். கணினியிலிருந்து சிப்புக்கு வடிவமைப்பை ஏற்றும் யூஎஸ்பி பிளாஸ்டருக்கான ட்ரைவர் தானாக ஏறாது. டிவைஸ் மனேஜருக்குள் போய், குவார்ட்டஸ் கோப்புறைக்குள் இருக்கும் ட்ரைவர்ஸ் என்ற இடத்தைக் கையால் காட்ட வேண்டும். பழைய பதிப்பின் ட்ரைவரை விண்டோஸ் ஏற்க மறுத்தால், புதிய பதிப்போடு வந்ததைக் காட்டிப் பாருங்கள்.

முன்பு மொடல்சிம் நேராகத் திறந்தது. இப்போது குவெஸ்டா என்று ஒன்று வந்து லைசன்ஸ் கேட்கிறது. காசு கட்ட வேண்டுமா? (வவுனியா)

கட்ட வேண்டாம். குவார்ட்டஸ் லைட் 20.1 வரை கூடவே வந்தது மொடல்சிம், சுற்றைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர். அதன் ஸ்டார்ட்டர் பதிப்புக்கு லைசன்ஸ் கோப்பே தேவைப்படவில்லை. 21.1 இலிருந்து அந்த இடத்துக்குக் குவெஸ்டா வந்தது. இதன் ஸ்டார்ட்டர் பதிப்பும் இலவசம்தான், ஆனால் லைசன்ஸ் கோப்பு ஒன்றை நீங்களே கேட்டு வாங்க வேண்டும். குவார்ட்டஸைத் தரும் நிறுவனத்தின் லைசன்ஸ் தளத்தில் கணக்குத் திறந்து, விலை பூச்சியம் என்று போட்டிருக்கும் குவெஸ்டா ஸ்டார்ட்டரைத் தெரிந்து, உங்கள் கணினியின் நெட்வேர்க் காட் எண்ணைக் கொடுத்தால் கோப்பு மின்னஞ்சலில் வரும். அதை இடைவெளியோ தமிழ் எழுத்தோ இல்லாத பெயருள்ள கோப்புறையில் வைத்து, அது இருக்கும் இடத்தைச் சூழல் மாறி (கணினி அமைப்பில் ஒரு பெயரில் குறித்து வைக்கும் விபரம்) ஒன்றில் எழுதிவிட வேண்டும். அந்த மாறியின் பெயர் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. பழைய வீடியோவைப் பார்த்து எழுதாமல், நீங்கள் போட்ட பதிப்பின் நிறுவல் வழிகாட்டியில் உள்ள பெயரையே எழுதுங்கள்.

லைசன்ஸ் ஒரு வருடத்துக்குத்தான். பிறகு திரும்ப இலவசமாக எடுக்கலாம். முடியும் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள், இறுதியாண்டு செய்முறைக் காட்டலுக்கு முதல் நாள் அது முடிந்தால் பெரிய கஷ்டம்.

எந்த நெட்வேர்க் காட்டின் எண்ணைக் கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஒரு பயிற்சி வகுப்புக்கு நான் ஆயத்தம் செய்தபோது, யூஎஸ்பியில் செருகியிருந்த வைஃபை டொங்கிளின் எண்ணைக் கொடுத்து லைசன்ஸ் எடுத்துவிட்டேன். வகுப்பன்று அந்த டொங்கிள் வேறொருவரின் லப்டொப்பில் இருந்தது. குவெஸ்டா திறக்கவே இல்லை. தூர இடங்களிலிருந்து பஸ் பிடித்து வந்த பிள்ளைகள் மத்தியானம் வரை காத்திருந்தார்கள். அது எனக்கு இன்றைக்கும் கவலைதான். லப்டொப்போடு பொருத்தியே வந்த காட்டின் எண்ணையே கொடுங்கள்.

இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் 20.1 ஐயே வைத்திருங்கள். சைக்லோன் 4, 5, மக்ஸ் 10 மூன்றுக்கும் அது போதும். கூட வரும் மொடல்சிம் ஸ்டார்ட்டருக்கு 10,000 வரி என்ற எல்லை உண்டு, அதைத் தாண்டினால் வேகம் குறையும். மாணவர் வேலை பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

விவாடோ இறக்க முயன்றேன், மாத டேட்டா முழுக்கப் போய்விட்டது, அதுவும் முடியவில்லை. பேசிஸ் 3 போர்டுக்கு இவ்வளவு பெரிய சொப்ட்வெயார் தேவையா? (ஒட்டுசுட்டான்)

தேவையில்லை. விவாடோ என்பது ஏஎம்டி (முன்பு சைலிங்ஸ்) சிப்களுக்கான சொப்ட்வெயார். அதன் முழுத் தொகுப்பு பல பத்து ஜிபி. எல்லாவற்றையும் நிறுவினால் டிஸ்கில் 100 ஜிபியைத் தாண்டவும் கூடும். உங்கள் போர்டில் இருப்பது ஆர்ட்டிக்ஸ்-7 குடும்பச் சிப் ஒன்றுதான். முழுக் கோப்பை எடுக்காமல் சிறிய வெப் இன்ஸ்டோலரை மட்டும் எடுங்கள். அதில் விட்டிஸ் வேண்டாம், விவாடோவைத் தெரியுங்கள். இலவச ஸ்டாண்டர்ட் பதிப்பு போதும். சிப் குடும்பங்களின் பட்டியல் வரும்போது ஆர்ட்டிக்ஸ்-7 ஐத் தவிர மற்ற எல்லாவற்றின் சரி அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள். இவ்வளவும் செய்தாலும் அது சின்னதாகிவிடாது, ஆனால் பாரம் நன்றாகக் குறையும்.

அதே இன்ஸ்டோலரில், உடனே நிறுவாமல் கோப்புகளை மட்டும் இறக்கி வைக்கும் தெரிவும் இருக்கிறது. நல்ல இணைப்பு உள்ள இடத்தில், கம்பஸிலோ நகரத்தில் இருக்கும் உறவினர் வீட்டிலோ, ஒருவர் ஒருமுறை வெளி டிஸ்கில் இறக்கினால் ஊரில் இருக்கும் ஐந்தாறு பேர் அதிலிருந்து நிறுவலாம். இரவு டேட்டாவை நம்பி ஒவ்வொருவரும் விடிய விடிய முழித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சிமுலேட்டருக்கென்று தனியாக எதுவும் இறக்க வேண்டாம். எக்ஸ்சிம் விவாடோவுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு லைசன்ஸ் கோப்பும் இல்லை, வரி எல்லையும் இல்லை. விண்டோஸில் கோப்புப் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் விவாடோ விளங்காத பிழைகளைக் காட்டும். டெஸ்க்டொப்புக்குள் கோப்புறைக்குள் கோப்புறையாக வைக்காமல், சி ட்ரைவிலேயே சின்னப் பெயரில் ஒன்று திறந்து வேலை செய்யுங்கள்.

பாடசாலையில் லொஜிக் கேற் படிப்பிக்கிறேன். இரண்டு மூன்று பிள்ளைகள் வெரிலொக் படிக்க ஆசைப்படுகிறார்கள். போர்ட் வாங்க வசதி இல்லை, லப்டொப்பும் பழையது. தொடங்கலாமா? (மாங்குளம்)

தாராளமாகத் தொடங்கலாம், ஆசிரியரே. வந்த கேள்விகளில் என்னை ஆகச் சந்தோசப்படுத்தியது இதுதான்.

போர்ட் இல்லாமல் இருப்பது தொடக்கத்தில் ஒரு வகையில் நல்லது. போர்ட் கையில் இருந்தால் பிள்ளை விளக்கு எரிகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். சிமுலேஷனில் ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு கணமும் என்ன நடக்கிறது என்று தெரியும். வெரிலொக் என்பது சுற்றை எழுத்தில் விவரிக்கும் மொழி. அதை ஓட்ட ஐகாரஸ் வெரிலொக், அலைவடிவம் பார்க்க ஜிடிகேவேவ், இந்த இரண்டும் போதும். இரண்டும் இலவசம், கட்டற்ற மென்பொருள், மேலே சொன்ன பெரிய சொப்ட்வெயார்களுக்குப் பக்கத்தில் வைத்தால் மிகச் சின்னவை. 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய லப்டொப்பில் சுகமாக ஓடும். விஎச்டிஎல் என்ற மற்ற மொழி விருப்பம் என்றால் ஜிஎச்டிஎல் இருக்கிறது. வெரிலேட்டரும் நல்ல கருவிதான், வடிவமைப்பை சி++ ஆக மாற்றி மிக வேகமாக ஓட்டும். அதை அடுத்த வருடத்துக்கு வையுங்கள்.

பயிற்சிக்கு டிராபிக் லைட்டைக் கொடுக்காதீர்கள். மாங்குளத்துப் பிள்ளைக்கு அதைவிடக் குளத்து வான்கதவு நன்றாகத் தெரியும். மாரியில் இரணைமடு நிறைந்து வான்கதவு திறக்கும்போது அதைப் பார்க்காத பிள்ளை இந்தப் பக்கம் குறைவு. அதையே செய்யச் சொல்லுங்கள். கதவுக்கு நான்கு நிலை: மூடியது, திறக்கிறது, திறந்தது, மூடுகிறது. நீர்மட்டம் காட்ட ஒரு சென்சர்.

ஒரு சென்சரோடு முதலில் செய்யட்டும். டெஸ்ட்பெஞ்சில் (சுற்றுக்கு உள்ளீடு கொடுத்துச் சோதிக்கும் கோடில்) அந்த சென்சரை அலை அடிப்பது போல 0, 1, 0, 1 என்று ஆட்டிவிட்டால், கதவு திறப்பதும் மூடுவதுமாகத் தவிப்பது அலைவடிவத்தில் அப்படியே தெரியும். அப்போது மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு சென்சர் வைக்க வேண்டும் என்பதைப் பிள்ளையே சொல்லும். நாங்கள் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அப்புறம் கீழ் சென்சர் பழுதாகி 0 இலேயே நிற்பது போல ஒரு டெஸ்ட் எழுதச் சொல்லுங்கள். மேல் சென்சர் நனைந்திருக்கிறது, கீழ் சென்சர் காய்ந்திருக்கிறது, இது நடக்கவே முடியாத நிலை. அந்த நேரம் கதவு என்ன செய்ய வேண்டும்? இதை வகுப்பில் பேசினால் ஒரு பாடவேளை போதாது.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். கதவு மோட்டர் 10 செக்கன் ஓட வேண்டும், கிளொக் 50 மெகாஹேட்ஸ் என்று வைத்தால், அது 50 கோடி துடிப்பு. அதை அப்படியே சிமுலேஷனில் ஓடவிட்டால் லப்டொப் மணிக்கணக்கில் நிற்கும், அலைவடிவக் கோப்பு டிஸ்கையே நிரப்பிவிடும். அந்த எண்ணை பரமீற்றராக (வெளியிலிருந்து மாற்றக்கூடிய எண்ணாக) வைத்து, டெஸ்ட்பெஞ்சில் அதை 20 என்று மாற்றச் சொல்லுங்கள். லொஜிக் மாறாது, நேரம் மட்டும்தான் சுருங்கும்.

பிறகு ஒரு போர்ட் வாங்க முடிந்தால் டாங் நனோ 9கே ஐப் பாருங்கள். சின்னது, விலையும் குறைந்த வகை, 8,640 லட் (சிறு லொஜிக் அலகு) உண்டு. அதன் கோவின் சொப்ட்வெயாரில் லைசன்ஸ் கேட்காத கல்விப் பதிப்பு இருக்கிறது. யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் என்ற கட்டற்ற கருவிகளாலும் அந்தச் சிப்புக்கு வேலை செய்யலாம்.

பழைய ஸ்பார்ட்டன்-6 போர்டுக்கு விவாடோ சரிவருமா? (கிளிநொச்சி)

வராது. விவாடோ 7 சீரிஸிலிருந்துதான் தொடங்குகிறது. உங்களுக்கு வேண்டியது விவாடோவுக்கு முந்திய சொப்ட்வெயாரான ஐஎஸ்இ 14.7, 2013 இல் வந்த கடைசிப் பதிப்பு. விண்டோஸ் 10 க்கென்று கொடுப்பது மெய்நிகர் கணினிக்குள் ஓடும் லினக்ஸ் வடிவம். அது ஸ்பார்ட்டன்-6 க்கு மட்டும்தான், உங்களுக்குப் பொருந்தும். ஐசிம் சிமுலேட்டர் அதற்குள் இருக்கிறது.

அல்ட்டெரா, இன்டெல், சைலிங்ஸ், ஏஎம்டி என்று பெயர் மாறி மாறி வருகிறது. எதை நம்பி இறக்குவது? (செட்டிகுளம்)

அல்ட்டெராவை இன்டெல் 2015 இல் வாங்கியது. 2024 இலிருந்து அது மீண்டும் அல்ட்டெரா என்ற பெயரிலேயே இயங்குகிறது. சைலிங்ஸை ஏஎம்டி 2022 பெப்ரவரியில் தன்னோடு சேர்த்துக்கொண்டது. குவார்ட்டஸ் என்றால் அல்ட்டெரா தளம், விவாடோ என்றால் ஏஎம்டி தளம். இலவசமாகவே கிடைக்கும் சொப்ட்வெயாரை உடைத்த பதிப்பாக யாரோ தரும் பென்ட்ரைவில் வாங்காதீர்கள். அதோடு வைரஸும் வரும்.

குவார்ட்டஸில் டைமிங் முழுக்கச் சிவப்பு. ஆனால் போர்டில் சரியாக ஓடுகிறது. விடலாமா? (முல்லைத்தீவு)

விடாதீர்கள். டைமிங் என்பது சிக்னல் ஒரு துடிப்புக்குள் போய்ச் சேருகிறதா என்ற கணக்கு. உங்கள் கிளொக் வேகத்தை நீங்கள் சொல்லாவிட்டால் குவார்ட்டஸ் அதை 1 கிகாஹேட்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். அந்த வேகத்துக்கு ஓடவில்லை என்றுதான் சிவப்புக் காட்டுகிறது. நேர வரம்புகளைச் சொல்லும் எஸ்டிசி கோப்பில் 20 நனோசெக்கன் என்று ஒரு வரி எழுதுங்கள், 50 மெகாஹேட்ஸுக்கு அதுதான் காலம். அதற்குப் பிறகும் சிவப்பு இருந்தால் அதுதான் உண்மையான பிரச்சினை.

இறுதியாண்டு புரொஜெக்ட் பாதியில் நிற்கிறது. புதுப் பதிப்பு வந்திருக்கிறதாம். மாறட்டுமா? (வவுனியா)

வேண்டாம். புதிய விவாடோவில் திறந்து மாற்றிய புரொஜெக்டைப் பழையதில் திரும்பத் திறக்க முடியாது. ஐபி கோர்களையும் (ஆயத்தமாகக் கிடைக்கும் சுற்றுப் பகுதிகள்) புதுப்பிக்கச் சொல்லும். சமர்ப்பித்த பிறகு மாறுங்கள்.

பொத்தானை அழுத்தினால் ஒன்று கூட வேண்டிய கவுண்டர், சிமுலேஷனில் சரி, கம்பஸ் டிஇ2 இலும் சரி. என் பேசிஸ் 3 இல் மட்டும் மூன்று நான்கு கூடுகிறது. விவாடோவில் பிழையா? (பரந்தன்)

விவாடோவில் பிழை இல்லை. பொத்தானை ஒருமுறை அழுத்தும்போது உள்ளே இருக்கும் உலோகம் சில மில்லிசெக்கன் துள்ளித் துள்ளித்தான் நிற்கும். பேசிஸ் 3 இன் கிளொக் 100 மெகாஹேட்ஸ், 1 மில்லிசெக்கனுக்குள் ஒரு லட்சம் துடிப்பு. ஒவ்வொரு துள்ளலும் அதற்குத் தனி அழுத்தமாகத் தெரியும். டிஇ2 இல் பொத்தான்களுக்கு முன்னால் துள்ளலை அடக்கும் ஷ்மிட் ட்ரிகர் சுற்று இருப்பதால் துள்ளல் சிப் வரைக்கும் வரவில்லை. உங்கள் கோடில் இருந்த குறையை அந்த போர்ட் மறைத்துவிட்டது.

பொத்தானின் சிக்னலை நேராகப் பயன்படுத்தாமல் முதலில் இரண்டு ஃபிளிப்-ஃபிளொப் (ஒரு பிட்டை கிளொக்கோடு நினைவில் வைக்கும் சுற்று) வழியாகக் கொண்டுவாருங்கள். உங்கள் விரல் கிளொக்கைப் பார்த்து அழுத்துவதில்லை, அதனால் இது எப்போதும் வேண்டும். பிறகு 20 மில்லிசெக்கன் மாறாமல் நின்றால் மட்டும் ஏற்றுக்கொள்ளும் ஒரு கவுண்டர் வையுங்கள். 20 லட்சம் துடிப்பு எண்ண 21 பிட் போதும்.

அதோடு டெஸ்ட்பெஞ்சையும் திருத்துங்கள். உங்கள் டெஸ்ட்பெஞ்சில் பொத்தான் ஒரே ஒரு தடவை 0 இலிருந்து 1 க்குச் சுத்தமாகப் போகிறது. நிஜப் பொத்தான் எதுவும் அப்படி நடந்துகொள்ளாது. ஏழெட்டுத் தடவை ஒழுங்கில்லாத இடைவெளியில் ஆட்டிவிட்டுப் பிறகு நிறுத்துங்கள். பழைய கோடை அதில் ஓட்டினால், போர்டில் பார்த்த அதே மூன்று நான்கு சிமுலேஷனிலும் வரும். அது வந்த பிறகு திருத்தத் தொடங்குங்கள்.

இன்னும் சரிவராவிட்டால் திரும்ப எழுதுங்கள். அலைவடிவப் படத்தோடு விவாடோவின் எச்சரிக்கைப் பட்டியலையும் முழுதாக அனுப்புங்கள். லட்ச் (கிளொக் இல்லாமல் பழைய மதிப்பைப் பிடித்து வைக்கும் சுற்று) உருவாகியிருக்கிறது என்ற வரி அதில் இருந்தால் அதன் கீழே கோடு போட்டு அனுப்புங்கள், நான் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.