இஸூலா வாய்ல துரு: டூப்ளிகேட் இல்ல நண்பா

ஒரு வாரம் கழுத்துல மாட்டுனதுக்கே இஸூலா கத்தியோட (ESEE கம்பெனியோட சின்ன கத்தி) வாய்ல, அதாவது வெட்டுற விளிம்புல, பழுப்புப் புள்ளி வந்துடுச்சு, டூப்ளிகேட்டான்னு கேட்டிருக்கீங்க. பயப்படாதீங்க, அது 1095 கார்பன் ஸ்டீல், துரு புடிக்காம காக்குற குரோமியம் அதுல இல்லேன்னே சொல்லலாம், மத்த இடமெல்லாம் கோட்டிங் இருந்தாலும் தீட்டுன விளிம்புல இருக்காது, சட்டைக்குள்ள தொங்குறப்ப வேர்வை நேரா அங்கதான் போய் உக்காரும். மெட்டல் பாலிஷ் போட்டு தேய்ங்க, போயிடும். அப்புறம் ராத்திரி கத்திய உறையிலேருந்து வெளிய எடுத்து தொடச்சு ஒரு சொட்டு மினரல் ஆயில், அவ்ளோதான் (நல்லெண்ணெய் வேணாம், நாளாக ஆக பிசுக்கு புடிக்கும்).

பிடி வழுக்குதுன்னீங்கல்ல, பிடியில இருக்குற ஓட்டை வழியா பாராகார்ட் (பாராசூட் கயிறு) சுத்துங்க. ஆனா கழுத்துக்கு அதே கயிறு வேண்டவே வேண்டாம், 550 கார்ட்னு விக்கிற பாராகார்ட் 250 கிலோ கிட்ட தாங்கும், எங்கயாவது கிளையில சிக்குச்சுன்னா கயிறு அறாது, கழுத்துதான் மாட்டிக்கும். பால் செயின் (சின்னச் சின்ன உருண்டை கோத்த செயின்) போடுங்க, வெடுக்குனு இழுத்தா கழண்டுரும்.