சின்னம்மா வீடா, ஹோட்டலா?

கேள்வி: வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருக்கிறோம். ஓகஸ்ட் லீவில் இரண்டு இரவை ஓர் அமைதியான கிராமத்தில் கழிக்க ஆசை. கணவரின் சின்னம்மா திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் இருக்கிறார்; எப்போது பேசினாலும் வரச் சொல்கிறார். அவருக்குக் கரைச்சல் கொடுக்காமல் நிலாவெளியில் அறை எடுத்து, ஒரு மத்தியானம் மட்டும் போய்ப் பார்ப்போம் என்கிறார் கணவர். கோணேசர் கோயில், கன்னியா, புறாத்தீவு, வெருகல், கந்தளாய்க் குளம் எல்லாம் பார்க்கவும் வேண்டும். 12 வயது மகனுக்கு அங்கே பொழுது போகுமா? - ஒரு வாசகி, கொழும்பு

பதில்: சின்னம்மா வீட்டிலேயே தங்குங்கள், இரண்டு இரவும். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறோம் என்றால் அவர் விடியவே எழும்பி கோழி, இறால், நாலைந்து மரக்கறி என்று அடுப்படியில் கிடந்து களைத்துப்போவார். நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவி ஒரு மணித்தியாலத்தில் வேனில் ஏறிவிடுவீர்கள். கரைச்சல் என்றால் அதுதான். தங்குகிறவர்களுக்கு இரவில் பிட்டும் மத்தியானத்து மீன்குழம்பும் போதும். தேங்காய் துருவ உங்கள் கையும் இருக்கும்.

பட்டியலைப் பார்த்தால் நீங்கள் ஆசைப்பட்ட அமைதிக்கு அதில் இடமே இல்லை. புறாத்தீவு திருகோணமலை நகருக்கு வடக்கே, வெருகலோ மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில். இரண்டையும் சேர்த்தால் லீவு ரோட்டிலேயே போய்விடும். ஒரு காலை கோணேசர் கோயில், திரும்பும் வழியில் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், அதோடு சரி. ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு சூடு. மகனே தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

தம்பலகாமத்துக்குள்ளேயே இருக்கும் ஆதி கோணேசர் கோயிலை எழுத மறந்துவிட்டீர்களே! திருகோணமலையில் மலைமேல் இருந்த கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்தபோது, காப்பாற்றிய திருவுருவங்களை இங்கே கொண்டுவந்து வைத்து வழிபட்டார்கள் என்பது ஊர் வழக்கு. பின்னேரப் பூசைக்குச் சின்னம்மாவோடு போங்கள். வழியில் பார்ப்பவர்களெல்லாம் 'ஆர் இது?' என்று கேட்பார்கள். கூச்சப்பட வேண்டாம், அவர் பெருமையாகச் சொல்லட்டும்.

அமைதி என்றால் சத்தமே இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். அது கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளையும் பூமி. ஓகஸ்டில் சிறுபோக அறுவடை நெருங்கியிருக்கும். அறுவடை மெஷின் வயலில் இறங்கிவிட்டால் அந்த இரைச்சல் வீடு வரை கேட்கும். மயில் கத்தும், கோயில் ஸ்பீக்கர் விடியவே பாடும். நுளம்பு வலை கொண்டுபோங்கள். பகல் வெயில் கடுமை, மத்தியானத்தில் ஊரே படுத்துவிடும், நீங்களும் படுங்கள்.

மகன் விஷயம். போன் சிக்னல் இல்லாத காட்டுக்குப் போகவில்லை, அதனால் போனை மறந்துவிடுவான் என்று எதிர்பார்க்காதீர்கள். வீட்டில் யாராவது விடியற்காலை வயலுக்குப் போனால் கூட அனுப்புங்கள். காய்கிற நெல்லைக் கிளற, மாட்டுக்கு வைக்கோல் போட யாராவது கூப்பிட்டால் 'உடுப்பு ஊத்தையாகும்' என்று தடுக்காதீர்கள். ஆனால் பெரியவர் துணையில்லாமல் வாய்க்காலில் இறங்க விட வேண்டாம். அந்தப் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு. இருட்டிய பிறகு வயற்பக்கம் போகலாமா என்பதை வீட்டாரிடமே கேளுங்கள்.

இரவில் அவனைச் சின்னம்மா பக்கத்தில் உட்கார வையுங்கள். கந்தளாய்க் குளத்தைக் கட்டியதாகச் சொல்லும் குளக்கோட்டன் ராசா கதையும் இருக்கும், அந்தக் குளம் 1986 ஏப்ரலில் உடைத்துக்கொண்ட கதையும் இருக்கும். யுத்தத்தில் இடம்பெயர்ந்ததைப் பற்றி மட்டும் நீங்களாகத் தோண்டாதீர்கள். அவர் தொடங்கினால் கேளுங்கள்.

வெறுங்கையோடு போக முடியாது, சரி. ஆனால் அரிசியும் தயிரும் அங்கே தாராளம். பால்மா, தேயிலை, அவருக்குப் பிடித்த பிஸ்கட், ஒரு நல்ல சேலை போதும். காசைக் கவரில் போட்டு அவர் கையில் நீட்டினால் முகம் சுருங்கிவிடும். முதல் நாளே கணவர் சந்தைக்குப் போய் மீனும் மரக்கறியும் வாங்கி வரட்டும், கேட்காமல்.

கொழும்புக் கோட்டையிலிருந்து போகும் திருகோணமலை ரயில் பாதையில், கந்தளாயைத் தாண்டி தம்பலகாமத்துக்கும் நிலையம் உண்டு. நீங்கள் ஏறும் ரயில் அங்கே நிற்குமா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். லீவுக் காலம், ஆசனத்தை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். சின்னம்மாவுக்குக் கணவரையே போன் எடுக்கச் சொல்லுங்கள்.